அந்தப் புள்ளி யார் வீட்டு வாசல்?

இணைய மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவரிடம் அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான்: "ஐ.பி. அட்ரஸ் கிடைச்சா போதும், ஆள் எந்தத் தெருவுல இருக்கான்னு கண்டுபிடிச்சிடலாம்." போலிக் கணக்கிலிருந்து ஆபாசச் செய்தி வந்து அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடமும் இதையே சொல்கிறார்கள். யாராவது ஒருவர் ஒரு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுவார். வரைபடம் விரியும், ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதைப் பார்த்ததும் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கையால் சம்பந்தமே இல்லாத குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இந்த விஷயத்தில் எது உண்மை, எது இட்டுக்கட்டியது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: ஐ.பி. முகவரிக்குள்ளேயே இடம் பதிந்திருக்கிறது.

பதிந்திருக்கவில்லை. தொலைபேசி எண்ணில் 044 என்றால் சென்னை, 0452 என்றால் மதுரை என்று இருப்பதுபோல ஐ.பி. முகவரியில் ஊர்க் குறியீடு எதுவும் கிடையாது. பழைய ஐ.பி.வி4 முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள் உண்டு. அவை உலகின் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்குத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கப்பட்டு, அங்கிருந்து இணைய நிறுவனங்களுக்குப் போகின்றன. எந்தத் தொகுதியை எந்த நிறுவனம் வாங்கியது, அதன் விலாசம் என்ன என்பது போன்ற விவரங்கள்தான் பதிவேட்டில் இருக்கும். அந்த நிறுவனம் அதை எந்த ஊரில் யாருக்குக் கொடுக்கிறது என்பது அதன் சொந்த விஷயம்.

அப்படியானால் வரைபடத்தில் வரும் புள்ளி? மேக்ஸ்மைண்ட், ஐபி2லொகேஷன் போன்ற நிறுவனங்கள் தொகுத்து விற்கும் பட்டியல்களிலிருந்து வருகிறது. அவர்கள் பதிவேட்டைப் பார்ப்பார்கள். ரௌட்டர்களின் பெயரில் விமான நிலையக் குறியீடு ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். சென்னை ரௌட்டர் பெயரில் 'எம்.ஏ.ஏ.' என்ற மூன்று எழுத்து அடிக்கடி தென்படும். சில இணைய நிறுவனங்கள் தாங்களே 'இந்தத் தொகுதி இந்த நாடு, இந்த மாநிலம், இந்த நகரம்' என்று வரிவரியாக எழுதி வெளியிடுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்து ஊகித்து ஒரு விடை போடுகிறார்கள். நாட்டைச் சொல்வதில் இந்த ஊகம் பெரும்பாலும் தப்பாது. மாநிலத்துக்கும் நகரத்துக்கும் இறங்க இறங்கத் தடுமாறும். தெரு, வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறி கால் நூற்றாண்டு ஆகிறது. நாஜி நினைவுப் பொருள்களை யாஹூ ஏல தளத்தில் பிரான்ஸ் மக்கள் பார்க்க முடிகிறது என்று அங்கே வழக்குப் போட்டார்கள். பிரான்ஸிலிருந்து வருபவர்களை மட்டும் தடுக்க முடியுமா என்று 2000இல் நீதிமன்றம் மூன்று நிபுணர்களைக் கேட்டது. அவர்களில் ஒருவர், இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப். ஐ.பி. முகவரியை வைத்து பிரான்ஸ் பயனர்களில் சுமார் 70 சதவீதத்தினரை அடையாளம் காணலாம் என்றது அவர்களின் அறிக்கை. நாட்டளவிலான கணிப்பே அன்று அவ்வளவுதான். அதன் பிறகு பட்டியல்கள் வெகுவாகத் தேறிவிட்டன. ஆனாலும் அவை செய்யும் வேலை அன்றுபோலவே ஊகம்தான்.

நம்பிக்கை: புள்ளி ஒரு வீட்டின் மேல் நின்றால், ஆள் அந்த வீட்டில்தான்.

இந்த நம்பிக்கை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு அனுபவித்தது. பாட்வின் என்ற சின்னஞ்சிறு ஊருக்கு அருகே 360 ஏக்கர் நிலத்தில் அந்த வீடு இருக்கிறது. 2011 மே மாதம் ஒரு குடும்பம் அங்கே வாடகைக்குக் குடிவந்தது. வந்த முதல் வாரமே, திருடுபோன லாரியைத் தேடிக்கொண்டு ஷெரிஃப் அலுவலக ஆட்கள் வாசலில் நின்றார்கள். அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. எஃப்.பி.ஐ. வந்தது. வரித் துறையினர் வந்தார்கள். வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகளைத் தேடிப் போலீஸ் வந்தது. தற்கொலைக்கு முயன்ற முன்னாள் ராணுவ வீரர் உள்ளே இருக்கிறார் என்று ஆம்புலன்ஸ் வந்தது. யாரோ உடைந்த கழிப்பறைப் பீங்கானை வாசல் பாதையில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வீட்டை மற்ற காவல் துறைகளிடமிருந்து காப்பாற்றுவதே உள்ளூர் ஷெரிஃபுக்கு ஒரு வேலையாகிப் போனது.

காரணத்தைப் பத்திரிகையாளர் காஷ்மீர் ஹில் துருவிக் கண்டுபிடித்து 2016 ஏப்ரலில் எழுதினார். மேக்ஸ்மைண்ட் பட்டியலில் 'இந்த முகவரி அமெரிக்காவில் இருக்கிறது, அதற்கு மேல் தெரியாது' என்ற நிலையில் ஏராளமான முகவரிகள் இருந்தன. அவற்றுக்கும் ஏதோ ஒரு ஆயத்தொலைவு போட வேண்டும் அல்லவா? நாட்டின் நடுப்புள்ளியைப் போட முடிவு செய்தார்கள். உண்மையான நடுப்புள்ளி கான்சஸின் வட எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 39.83 வடக்கு, 98.59 மேற்கு. தசமம் நீளமாக இருக்கிறதென்று 38 வடக்கு, 97 மேற்கு என்று முழு எண்ணாக்கினார்கள். அந்த முழு எண், அசல் நடுப்புள்ளியிலிருந்து 240 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அந்தப் பண்ணை வீட்டருகே போய் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான ஐ.பி. முகவரிகள் அங்கே குவிந்தன.

'தெரியாது' என்ற விடையை யாரும் 'தெரியாது' என்று எழுதவில்லை. அதற்குப் பதில் துல்லியமாகத் தோன்றும் இரண்டு எண்களை எழுதினார்கள். அதை வாங்கிய இணையதளங்கள் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய வரைபடத்தில் ஊசி குத்திக் காட்டின. பார்த்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தன் வேலையைத்தான் செய்தார். நடுவில் நசுங்கியது எந்தத் தப்பும் செய்யாத ஒரு குடும்பம். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. ஐந்து வருடம் யாருமே அவர்களிடம் காரணம் சொல்லவில்லை.

விவகாரம் வெளியே வந்ததும் நிறுவனம் அந்தப் புள்ளியை விச்சிட்டா நகருக்கு மேற்கே ஒரு ஏரியின் நடுவுக்கு மாற்றியது. குடும்பம் 2016 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு வீட்டுக்கும் இதே கதி நேர்ந்தது. அங்கே அது நகரத்துக்கான பொதுப் புள்ளி. திருடுபோன போனைத் தேடி வந்தவர்களும் போலீஸாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மேக்ஸ்மைண்ட் தன் பட்டியலில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் 'எத்தனை கிலோமீட்டர் ஆரத்துக்குள்' என்ற எண்ணையும் தருகிறது. 5 என்றும் இருக்கும், 1000 என்றும் இருக்கும். எந்த வீட்டையும் அடையாளம் காண இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியும் வைத்திருக்கிறது. இலவசமாகத் தேடிக் கொடுக்கும் தளங்கள் பல அந்த எண்ணைக் காட்டுவதேயில்லை. வட்டமாக வரைய வேண்டியதை ஊசியாகக் குத்துவது பொய் சொல்வதற்குச் சமம் என்பது என் கருத்து.

நம்பிக்கை: பதிவேட்டில் பிரிஸ்பேன் என்று வந்தால், தாக்கியவன் ஆஸ்திரேலியாக்காரன்.

ஆசிய பசிபிக் நாடுகளுக்கெல்லாம் முகவரி வழங்கும் ஆப்னிக் அமைப்பின் அலுவலகம் பிரிஸ்பேனில் இருக்கிறது. அமெரிக்கப் பதிவேட்டில் ஒரு ஆசிய முகவரியைத் தேடினால், 'இது ஆப்னிக் வசம்' என்று அந்த அலுவலகத்தின் விலாசம் வரும். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் ஆள் என் கணினிக்குள் நுழைந்துவிட்டான் என்று அவர்களுக்கே புகார் அனுப்புகிறவர்கள் உண்டு.

முகவரிகள் கைமாறவும் செய்கின்றன. மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோன பிறகு இவை விலைபோகும் சரக்காகிவிட்டன. 2014இல் மைக்ரோசாஃப்டிடம் அமெரிக்க முகவரிகள் தீர்ந்தபோது, வேறு நாட்டுக்குப் பதிவான முகவரிகளை அமெரிக்க சர்வர்களுக்குப் போட்டார்கள். அமெரிக்காவிலேயே ஓடும் சர்வரைப் பல தளங்கள் பிரேசில் என்று காட்டின.

நம்பிக்கை: என் போன் நான் நிற்கும் தெருமுனை வரை காட்டுகிறதே, அது ஐ.பி.தானே?

இல்லை. அது ஜி.பி.எஸ்., அருகிலுள்ள டவர், சுற்றிலும் தெரியும் வைஃபை இணைப்புகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவது. ஜி.பி.எஸ். இல்லாத மடிக்கணினி உங்கள் தெருவைச் சரியாகச் சொல்வதும் வைஃபை பட்டியலால்தான். அதற்கு உலாவி 'இருப்பிடத்தை அனுமதிக்கலாமா' என்று உங்களிடம் கேட்கும். ஐ.பி. முகவரிக்கு அந்த அனுமதி தேவையில்லை, எந்தத் தளத்துக்குப் போனாலும் அது கூடவே போகும். ஆகவே லொகேஷனை அணைத்துவிட்டால் இருக்கும் இடமே தெரியாது என்பதும் சரியல்ல. நாடும் தோராயமான பகுதியும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். மொபைல் டேட்டாவில் அந்தப் பகுதியும் விலகிப்போகும். திருநெல்வேலியில் உட்கார்ந்து தேடுகிறவருக்குச் சென்னைக் கடை விளம்பரம் வருவது, டேட்டா இணையத்தில் கலக்கும் வாசல் பெரும்பாலும் பெருநகரத்தில் இருப்பதால்.

நம்பிக்கை: வி.பி.என். சொல்லும் நாட்டில்தான் அந்த சர்வர் இருக்கிறது.

நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்டுவி.பி.என். போன்றவை தங்கள் இந்திய சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. ஆனாலும் எக்ஸ்பிரஸ்வி.பி.என். பட்டியலில் 'இந்தியா' தொடர்ந்தது: முகவரி இந்தியாவுடையது, இயந்திரம் சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ.

இதைக் கண்டுபிடிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அதாவது, ஒரு மில்லிசெகண்டில் போய்த் திரும்ப வேண்டுமானால் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க முடியாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய்த் திரும்பக் குறைந்தது 29 மில்லிசெகண்டு. 'சென்னை' என்று சொல்லிக்கொள்ளும் ஒரு முகவரி, சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால் 2 மில்லிசெகண்டில் பதில் சொன்னால், அது சிங்கப்பூரைச் சுற்றி 200 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. எந்தப் பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும் ஒளியின் வேகத்தை ஏமாற்ற முடியாது. ஐந்து மண்டலப் பதிவகங்களில் ஒன்றான ரைப் அமைப்பு 2010 முதல் தன்னார்வலர் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பொருத்தியிருக்கும் 10,000க்கும் மேற்பட்ட சிறு கருவிகளால் இப்படி அளக்க முடிகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: விரைவான பதில் அருகில் இருப்பதை நிரூபிக்கும், தாமதமான பதில் தூரத்தை நிரூபிக்காது. நெரிசலான இணைப்பும் தாமதமாகத்தான் பேசும்.

நம்பிக்கை: ஐ.பி. கிடைத்துவிட்டால் போலீஸுக்கு ஆள் கிடைத்த மாதிரி.

போலீஸார் வரைபடத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பதில்லை, பிடிக்கவும் கூடாது. அந்த முகவரி எந்த நிறுவனத்துடையது என்று பார்த்து, சட்டப்படி கடிதம் அனுப்பி, 'இந்த நேரத்தில் இதை யாருக்குக் கொடுத்திருந்தீர்கள்' என்று கேட்கிறார்கள். நிறுவனம் தன் இணையப் பயன்பாட்டுப் பதிவை (ஐ.பி.டி.ஆர்.) பார்த்துச் சந்தாதாரர் பெயரைத் தரும். சந்தாதாரர் என்பவர் பில் கட்டுகிறவர். அந்த வைஃபையில் மேல்வீட்டுக்காரரும் விருந்தாளியும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கலாம்.

ஐ.பி.வி4 முகவரிப் பஞ்சத்தால் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. சி.ஜி.நாட் என்று அதற்குப் பெயர். அவர்களைப் பிரித்தறிய முகவரியோடு, ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாகத் தரப்படும் போர்ட் எண்ணும் நொடி பிசகாத நேரமும் வேண்டும். வெளிநாட்டு சர்வர்கள் பல உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி கூடுதல். அந்த மாற்றத்தில் யாராவது சறுக்கினால், அதே முகவரியை அப்போது வைத்திருந்த வேறொருவர் பெயர் வந்து விழும்.

தவறான பெயர் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2007 ஆகஸ்டின் கடைசியில், பெங்களூருவில் ஒரு மென்பொருள் ஊழியரைப் புனே போலீஸார் வீட்டிலிருந்து கைது செய்துகொண்டு போனார்கள். அன்றைய சமூக வலைதளமான ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்திப் படம் போட்டார் என்பது புகார். ஆதாரம் ஒரு ஐ.பி. முகவரியும், அது அவருடையது என்று இணைய நிறுவனம் தந்த தகவலும். தகவல் தவறு. அது தெரிந்து அவர் வெளியே வருவதற்குள் எரவாடா சிறையில் 50 நாள் கழிந்திருந்தது.

யாராவது உங்களை மிரட்டினாலோ ஏமாற்றினாலோ வரைபடத் தளத்தில் தேடி, கிடைத்த ஊரில் யாரையாவது சந்தேகப்பட வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். மற்றவற்றைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். செய்தியை அழிக்காதீர்கள். மின்னஞ்சலாக இருந்தால் அதன் முழுத் தலைப்புப் பகுதியோடு சேமித்து வையுங்கள். சொந்தமாக இணையதளம் நடத்துகிறவர்கள் ஐ.பி. முகவரியோடு போர்ட் எண்ணையும் பதியும்படி சர்வரை அமைத்துக்கொள்ள வேண்டும். பதிவை ஒப்படைக்கும்போது அந்த நேரம் இந்திய நேரமா உலகப் பொது நேரமா என்பதையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.