கட்டடத் தளத்தின் தற்காலிக மின்போர்டு: சிக்கனம் எங்கே இருக்கிறது?

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

ஒரு வீடோ பள்ளிக்கூடமோ எழும்புமுன் அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர வேண்டியவை தண்ணீரும் மின்சாரமும். மின்வாரியத்திடம் தற்காலிக இணைப்புப் பெற்று, மீட்டரை அடுத்து ஒரு போர்டை நிறுத்தி, அங்கிருந்து கலவை மிக்சருக்கும் வைப்ரேட்டருக்கும் கம்பி வெட்டும் இயந்திரத்துக்கும் ஒயர் இழுப்பார்கள். “ஆறு மாதத்துக்குத்தானே” என்று கடையில் இருப்பதிலேயே மலிவான ஒயரை வாங்குவது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. அது உண்மையில் சிக்கனம்தானா? என் சித்தப்பா ஒயர்மேன். விடுமுறை நாள்களில் அவருடன் உதவிக்குச் செல்வதுண்டு. அங்கே கண்டவற்றை, நாம் வகுப்பில் படித்த ஓம் விதியைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்ந்து பார்க்கிறேன்.

ஒயரின் பருமன்

போர்டிலிருந்து 60 மீட்டர் தொலைவில் 15 ஆம்பியர் இழுக்கும் ஒரு சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடுவதாகக் கொள்வோம். மின்னோட்டம் போகவும் திரும்பவும் வேண்டுமாதலால் கடத்தியின் மொத்த நீளம் 120 மீட்டர். செம்பின் தன்மின்தடை 20 டிகிரி செல்சியசில் மீட்டருக்கு, ஒரு சதுர மி.மீ. பருமனில், 0.0172 ஓம். இதிலிருந்து கிடைக்கும் விடைகள் இவை:

1.5 சதுர மி.மீ. — மின்தடை 1.38 ஓம், மின்னழுத்த இழப்பு 20.6 வோல்ட், வீணாகும் திறன் 310 வாட்.
2.5 சதுர மி.மீ. — 0.83 ஓம்; 12.4 வோல்ட்; 186 வாட்.
4 சதுர மி.மீ. — 0.52 ஓம், 7.7 வோல்ட்; 116 வாட்.

230 வோல்ட்டில் 20.6 வோல்ட் என்பது 9 விழுக்காடு. மோட்டார்களுக்கு இழப்பு 5 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வரையறை. இண்டக்‌ஷன் மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே மின்னழுத்தம் 9 விழுக்காடு குறைந்தால் திருப்புவிசை ஏறக்குறைய 17 விழுக்காடு குறைந்துவிடும். மோட்டார் திணறும்; சூடேறும்; காயில் எரிந்தால் வேலையும் நிற்கும். எனவே இங்கே 4 சதுர மி.மீ. ஒயரே பொருத்தமானது.

செலவையும் பார்ப்போம். மோட்டார் நாளொன்றுக்கு 6 மணி நேரம் வீதம் 150 நாள் ஓடினால், 4 சதுர மி.மீ. ஒயரைவிட 1.5 சதுர மி.மீ. ஒயரில் சுமார் 175 யூனிட் கூடுதலாக வீணாகிறது. தற்காலிக இணைப்புக்கு யூனிட் விலையும் வீட்டு இணைப்பைவிட மிகுதி. பருமனான ஒயருக்காக நாம் கூடுதலாக வாங்குவது ஏறத்தாழ 2.7 கிலோ செம்பு. அந்தச் செம்பு வேலை முடிந்த பிறகும் நம் கையில் இருக்கும். அடுத்த தளத்துக்கும் உதவும். வீணான யூனிட் திரும்பி வராது.

செம்பா, அலுமினியமா?

அலுமினியத்தின் தன்மின்தடை செம்பைப் போல் 1.6 மடங்கு. ஆனால் அதன் அடர்த்தி செம்பினுடையதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆகவே அதே மின்தடையைப் பெற 1.6 மடங்கு பருமன் வைத்தாலும் எடை செம்பில் பாதிதான் வருகிறது. கிலோ விலையும் மிகக் குறைவு. மீட்டரிலிருந்து போர்டு வரை அசையாமல் கிடக்கும் நீண்ட மெயினுக்கு அலுமினிய ஆர்மர்டு கேபிளே சிக்கனம் என்பது இதனால் விளங்கும். அதை உருளையில் சுற்றி அடுத்த வேலைக்கு எடுத்துச் செல்லலாம். நான்கு தளங்களில் பயன்பட்டால் ஒரு தளத்துக்கு விழும் விலை கால் பங்கு.

ஆனால் போர்டிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் ஒயர் நாள் முழுதும் இழுபடும், மடங்கும். அலுமினியம் அடிக்கடி மடங்கினால் ஒடிந்துவிடும். அங்கே பல இழைச் செம்பு ஒயர்தான் வேண்டும். மேலுறையும் தடித்ததாக இருக்க வேண்டும். மிஞ்சிய நீளத்தைச் சுருளாகவே விட்டு இயந்திரத்தை ஓட்டக் கூடாது. உள்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியின்றி இன்சுலேஷன் உருகிவிடும்.

போர்டின் இடமும் மூன்று பேஸும்

ஒயர்க் கடைக்குப் போகுமுன்பே செய்யக்கூடிய சிக்கனம் ஒன்று உண்டு. போர்டைத் தளத்தின் ஓரத்தில் வைக்காமல், இயந்திரங்களுக்கு நடுவே, மழை படாத மேட்டில் வைப்பதே அது. 60 மீட்டர் 30 மீட்டரானால் இழப்பும் பாதி, ஒயரும் பாதி.

மூன்று பேஸ் இணைப்பு இருந்தால் சுமையைச் சமமாகப் பிரிக்க வேண்டும். 9 கிலோவாட் சுமையை ஒரே பேஸில் இட்டால் 39 ஆம்பியர்; மூன்றிலும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 13 ஆம்பியர். சமச்சுமையில் நியூட்ரலில் மின்னோட்டம் இல்லை. எனவே அதே பருமனுள்ள மெயினில் வீணாகும் திறன் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. இதற்குக் கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை.

குறைக்கக் கூடாத செலவு

சிக்கனம் என்ற பெயரில் பலர் முதலில் விட்டுவிடுவது மூன்றாவது கோரான எர்த் ஒயரை. என் தாயார் சித்தாள் வேலை செய்கிறார். மிக்சரின் பக்கத்தில் ஈர மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவர்களில் அவரும் ஒருவர். ஈரமான உடலின் மின்தடையை ஏறக்குறைய 1,000 ஓம் எனக் கொண்டால், மின்சாரம் பாய்ந்த இயந்திரத்தைத் தொடும்போது 230 மில்லி ஆம்பியர் செல்லும். உயிரைப் பறிக்க அதில் ஒரு பகுதியே போதும்.

எர்த் ஒயர் மட்டும் இருந்தாலும் போதாது என்பதைக் கணக்கே காட்டுகிறது. மண்ணில் அடித்த கம்பியின் வழியே மொத்த மின்தடை 10 ஓம் என்றால் கசியும் மின்னோட்டம் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் குறையாகவே கருதாது; இயந்திரத்தின் உடலில் மின்சாரம் அப்படியே நிற்கும். இங்கே காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று ஒரு காந்த வளையத்தின் மூலம் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டவுடன் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திச் சரிபார்க்க வேண்டும்.

முடிவுரை

நீளத்தைக் குறைக்கலாம், சுமையைப் பிரிக்கலாம், மெயினுக்கு அலுமினியம் போடலாம், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கேபிளை வாங்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். இவை யாவும் நேர்மையான சிக்கனம். பருமனைக் குறைப்பது கடன் வாங்குவது போன்றது; பில்லில் வட்டியோடு வந்து சேரும். எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் விடுவதோ, செலவைக் குறைப்பதன்று. அச்செலவைக் கூலிக்கு வந்தவர் தலைமேல் ஏற்றுவது. போர்டை உரிமம் பெற்ற ஒயர்மேனே அமைக்க வேண்டும். ஆயினும் அவர் அமைத்தது சரியா என்று கேட்கும் அளவுக்கு ஓம் விதி நம் அனைவருக்கும் தெரியும். நம் வீட்டருகே கட்டட வேலை நடந்தால், அந்தப் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் ஒருமுறை கேட்போம்.