வாய் மூடாத நாய்

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது, வெறிநாய்க்கடி நோய்க்கென ஒரு பாடவேளையைத் தனியே ஒதுக்குகிறேன். "வெறிநாய் எப்படி இருக்கும்?" என்று கேட்டால், நுரை தள்ளும், எதிர்ப்பட்டவரைக் கடிக்கும், தண்ணீரைக் கண்டால் ஓடும் என்று மாணவர்கள் அடுக்குவார்கள். கடைசி விடையில்தான் ஆபத்து இருக்கிறது. தண்ணீருக்கு அஞ்சுவது நோய் கண்ட மனிதரிடம் தோன்றும் அறிகுறி. நாய் தண்ணீரை நாடிப் போகும். விழுங்கத்தான் முடியாமல் போகலாம். தண்ணீர்ப் பக்கம் போகிறது, ஆகவே வெறியில்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது சீறிப் பாயாத நாயைப் பற்றிச் சொல்லத்தான். நேற்றுவரை வாலாட்டிய நாய் இன்று படிக்கட்டுக்கு அடியில் இருட்டில் ஒதுங்குகிறது. கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, குரல் மாறுகிறது, பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலத் தோன்றும். சத்துணவுக் கூடத்தைச் சுற்றி வரும் நாய்க்குப் பிள்ளைகள் பெயர்கூட வைத்திருப்பார்கள். எலும்பை எடுத்துவிடக் கை நீட்டுவது வகுப்பிலேயே இரக்கமுள்ள பிள்ளையாகத்தான் இருக்கும். வைரஸ் எச்சிலில் இருக்கிறது. விரலில் ஒரு கீறல் போதும்.

வெப்பத்தாக்கு, நஞ்சு, டிஸ்டெம்பர் ஆகியவற்றாலும் நாய் திடீரெனத் தள்ளாடலாம். எது என்று கண்டறிவது கால்நடை மருத்துவரின் வேலை. பிள்ளைகளை வகுப்பறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கால்நடை மருத்துவமனைக்கும் ஊராட்சிக்கும் தகவல் சொல்வது நம் வேலை. கல்லெறிய விடாதீர்கள்.

கடித்தாலோ, கீறினாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். இதைக் குழாயடியில் கடிகாரம் வைத்துச் செய்து பார்த்தோம். மூன்று நிமிடத்திலேயே "போதுமா சார்?" என்றார்கள். (வழிந்த நீரை முருங்கைக்குத் திருப்பிவிட்டோம்.) மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நாயைப் 10 நாள் கவனிப்பது நல்லதுதான். அதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

1885இல் லூயி பாஸ்டர் தடுப்பூசி போட்ட ஜோசப் மைஸ்டருக்கு வயது 9 என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தொப்புளைச் சுற்றி 14 ஊசியா சார்?" வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட பயம் அது. அதனாலேயே சிறு கீறலை மறைக்கிறார்கள். இப்போது ஊசி கையில்தான், சில தவணைகள்தான் என்று என் மேற்கையைத் தொட்டுக் காட்டுவேன். அந்த வகுப்புக்குப் பிறகு இரண்டு பேர் பழைய கீறல்களைக் காட்ட வந்தார்கள்.