பவளக்காரத் தெருவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப்போர் நடத்தும்போது, "யூதர்கள்னா யாரு மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஓர் ஆசிரியை, மந்தைவெளி

பதில்: ஹிட்லரிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். கொல்லப்பட்டவர்களாக மட்டுமே அறிமுகமாகும் மக்கள், பிள்ளைகள் மனதில் பிணக்குவியலாகவே தங்கிவிடுவார்கள். அவர்கள் வாழ்ந்ததை முதலில் சொல்லுங்கள், அதுவும் நம் ஊரில் வாழ்ந்ததை. பதினேழாம் நூற்றாண்டில், போர்த்துகீசிய வழிவந்த யூத வணிகர்கள் ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவில் குடியிருந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே இறக்கினார்கள்; கோல்கொண்டா வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் (மன்ற உறுப்பினர்களில்) மூவர் யூதர்கள். மந்தைவெளியிலிருந்து கொஞ்ச தூரத்தில், லாயிட்ஸ் சாலையில் யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வடசென்னையிலிருந்து கொண்டுவந்து வைத்த பழைய கற்களில் எபிரேய எழுத்துகளைப் பார்க்கலாம். அனுமதி வாங்கி அழைத்துப் போங்கள்.

அடுத்து கொச்சி யூதர்கள். சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் படத்தைக் கையில் கொடுத்து, தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

பிறகு ஐரோப்பாவுக்குப் போங்கள். கொல்லப்பட்ட 60 லட்சம் பேரை வெறும் எண்ணாகச் சொல்லாமல், யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரியில் சில பக்கங்களை வாசியுங்கள். இறந்தபோது அவளுக்கு 15 வயது; உங்கள் மாணவிகளின் வயதுதான். வதைமுகாம் காட்சிகளை மட்டும் நாடகமாக நடிக்க வைக்காதீர்கள். அந்தத் துன்பம் நடித்துப் பார்க்கிற விஷயமே இல்லை.