கைப்பற்றினார்களா, கையளித்தார்களா? – பாசிசம் ஆட்சிக்கு வந்த வழி

“1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார்.” வரலாற்று விடைத்தாள்களில் தவறாமல் வந்து நிற்கும் வாக்கியம் இது. ஆண்டு சரி, பெயரும் சரி. வினைச்சொல் சரிதானா என்பதே கேள்வி. ‘கைப்பற்றினார்’ என்றதும் துப்பாக்கி ஏந்திய படையும் உடைக்கப்பட்ட மாளிகைக் கதவும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. 1933 ஜனவரி 30ஆம் திகதி பேர்லினில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜனாதிபதி ஹின்டன்பேர்க், அரசியலமைப்பு தமக்கு வழங்கிய அதிகாரத்தின்படி ஹிட்லரை அழைத்து, சத்தியப்பிரமாணம் செய்வித்து, சான்சலர் பதவியில் அமர்த்தினார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலியில் முசோலினியை அழைத்துப் பிரதமராக்கியவரும் அந்நாட்டு மன்னரே.

ஆகவே, பாசிசம் எவ்வாறு ஆட்சிக்கு வந்தது என்று படிக்கும்போது, அதன் தலைவர்களை மட்டும் பார்த்தால் போதாது. அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் யார், ஏன் திறந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். இத்தாலிய மொழியில் ‘பாஷியோ’ என்றால் கட்டு. பண்டைய ரோமில் அதிகாரிகளுக்கு முன்னால் கோடரியோடு சேர்த்துக் கட்டிய பிரம்புக் கட்டைச் சுமந்து செல்வார்கள். தண்டிக்கும் அதிகாரத்தின் சின்னம் அது. ஒரு காலத்தில் சோஷலிசப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்து பின்னர் எதிர்த்திசைக்குத் திரும்பிய பெனிட்டோ முசோலினி, 1919 மார்ச் 23இல் மிலான் நகரில் தமது இயக்கத்தைத் தொடங்கியபோது இச்சொல்லையே பெயராக வைத்துக்கொண்டார். தேசமே எல்லாம், தனிமனிதன் ஒன்றுமில்லை, ஒரே தலைவர், ஒரே குரல், எதிர்ப்பவர் துரோகி, வன்முறை வெட்கப்பட வேண்டியதன்று, பெருமைப்பட வேண்டியது: பாசிசத்தின் சாரம் ஏறத்தாழ இதுதான். ஜேர்மனியின் நாசிசத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இனவெறி அங்கே ஆட்சியின் மையமாகவே இருந்தது என்பதால் அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் ஆட்சியை அடைந்த வழியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அவ்வியக்கத்தின் முதல் தேர்தல் முடிவு கேலிக்குரியது. 1919 நவம்பர் தேர்தலில் முசோலினி தமது சொந்தக் களமான மிலானில் ஐயாயிரம் வாக்குகளைக்கூடப் பெறவில்லை. ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் அவர் பிரதமர். இடையில் நடந்தது என்ன?

முதலாம் உலகப் போரில் இத்தாலி வெற்றி பெற்ற அணியில் இருந்தது. ஆனால் ஏறத்தாழ ஆறு இலட்சம் போர்வீரர்களை இழந்திருந்தது. விலைவாசி ஏறியது. ஊர் திரும்பிய வீரர்களுக்கு வேலை இல்லை. 1919, 1920ஆம் ஆண்டுகளில் வேலைநிறுத்தங்கள் பெருகின. தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் புகுந்து அவற்றைத் தம்வசப்படுத்தினார்கள். ரஷ்யாவில் நடந்த புரட்சி இங்கும் வந்துவிடுமோ என்று செல்வந்தர்கள் நடுங்கினார்கள். போ ஆற்றுச் சமவெளியின் பெருநிலவுடைமையாளர்கள் விவசாயத் தொழிலாளர் சங்கங்களை அடக்க ஆள் தேடினார்கள். அந்த வேலைக்கு வந்தவர்கள்தான் கருஞ்சட்டைக்காரர்கள். இரவில் லொறிகளில் வந்து சங்கக் கட்டடங்களுக்குத் தீ வைப்பார்கள். சங்கத் தலைவர்களைப் பிடித்து, வாயைத் திறந்து ஆமணக்கெண்ணெயை ஊற்றுவார்கள். உயிர் போகாவிட்டாலும் மானம் போக வேண்டும் என்பது நோக்கம். பல இடங்களில் பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அரசியல்வாதிகளும் கணக்குப் போட்டார்கள். பழுத்த அரசியல்வாதியான ஜியோலிட்டி, 1921 தேர்தலில் பாசிஸ்டுகளைத் தமது கூட்டணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். பாராளுமன்றத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் பையன்கள் அடங்கிவிடுவார்கள் என்பது அவரது எண்ணம். 535 ஆசனங்களில் 35 பாசிஸ்டுகளுக்குக் கிடைத்தன. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் தெருவில் அடிதடி செய்தவர்களுக்கு அன்று ‘கௌரவ உறுப்பினர்’ என்ற பட்டம் கிடைத்துவிட்டது.

1922 ஒக்டோபர் இறுதியில் நடந்ததே ‘ரோம் நோக்கிய அணிவகுப்பு’. சில பத்தாயிரம் கருஞ்சட்டைக்காரர்கள், போதிய ஆயுதமும் உணவுமின்றி, மழையில் நனைந்தபடி தலைநகருக்கு வெளியே காத்திருந்தார்கள். பிரதமர் பக்டா அவசரகாலப் பிரகடனத்தைத் தயாரித்து மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் கொண்டு சென்றார். மன்னர் கையொப்பமிட்டிருந்தால் இராணுவம் அவர்களைக் கலைத்திருக்கும் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. மன்னர் கையொப்பமிட மறுத்தார். முசோலினி அணிவகுப்பில் நடக்கக்கூட இல்லை. மிலானில் இருந்தவர், அழைப்பு வந்த பிறகு இரவு ரயிலில் ஏறி, படுக்கை வசதியுள்ள பெட்டியில் ரோம் வந்து இறங்கினார். அடுத்த மாதம் பாராளுமன்றம் 306க்கு 116 என்ற வாக்குகளால் அவர்மீது நம்பிக்கை தெரிவித்தது. 35 பேரைக் கொண்ட கட்சிக்கு 306 வாக்குகள்! மீதி வாக்குகளை அளித்தவர்கள் யாரென்று சிந்தித்துப் பாருங்கள்.

அதன்பின் கதவுகள் உள்ளிருந்து பூட்டப்பட்டன. கால்பங்குக்குக் குறையாத வாக்குகளோடு முதலிடம் பெறும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆசனங்கள் என்று 1923இல் தேர்தல் சட்டம் மாற்றப்பட்டது. 1924 மே 30இல் ஜியாகோமோ மத்தியோட்டி என்ற சோஷலிச உறுப்பினர் எழுந்து, தேர்தலில் நடந்த வன்முறைகளையும் மோசடிகளையும் பாராளுமன்றத்தில் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். ஜூன் 10இல் அவர் கடத்திச் செல்லப்பட்டார். ஓகஸ்டில் உடல் கிடைத்தது. எதிர்க்கட்சியினர் சபையைப் புறக்கணித்து வெளியேறினார்கள். மன்னர் தலையிடுவார் என்று காத்திருந்தார்கள். மன்னர் அசையவில்லை. 1926இல் ஏனைய கட்சிகள் அனைத்தும் தடை செய்யப்பட்டன.

ஜேர்மனியின் கதையை எண்களே சொல்லிவிடும். 1928 தேர்தலில் நாசிக் கட்சி பெற்றது 2.6 வீதம், 12 ஆசனங்கள். அடுத்த ஆண்டு உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. 1930இல் 107 ஆசனங்கள். 1932இன் தொடக்கத்தில் வேலையற்றோர் ஏறத்தாழ அறுபது இலட்சம். அவ்வாண்டு ஜூலையில் 230 ஆசனங்கள். பசிதான் காரணம் என்று இத்துடன் விளக்கத்தை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் கவனியுங்கள்: அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் நாசிகள் ஏறத்தாழ இருபது இலட்சம் வாக்குகளை இழந்தார்கள், ஆசனங்கள் 196ஆகக் குறைந்தன. சுதந்திரமான தேர்தல் எதிலும் அவர்கள் பெரும்பான்மை பெறவேயில்லை. ஏறிய அலை இறங்கத் தொடங்கிய வேளையில்தான் ஹிட்லருக்கு அழைப்புப் போனது.

அழைத்தவர்களின் கணக்கு ஜியோலிட்டியின் கணக்கேதான். முன்னாள் சான்சலர் பாப்பன், ஹிட்லரின் மக்கள் செல்வாக்கைத் தமது அணிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நம்பி, தயங்கிய ஹின்டன்பேர்க்கை இணங்கவைத்தார். புதிய அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து நாசிகள் மூவர் மாத்திரமே. ஏனையோர் பழைமைவாதிகள்; பாப்பன் துணைச் சான்சலர். கடிவாளம் தம் கையில் இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். ஆனால் பொலிஸ் துறை அந்த மூவரின் கைக்குப் போயிருந்தது.

பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே பேச்சு, எழுத்து, கூட்டம் கூடுதல் ஆகிய உரிமைகள் அனைத்தும் ஓர் அவசரகால ஆணையால் நிறுத்தப்பட்டன. அந்த ஆணைக்கு அடிப்படை அரசியலமைப்பின் 48ஆம் உறுப்புரை. அதை முதலில் வழக்கமாக்கியவர் ஹிட்லர் அல்லர். 1930 முதல் அவருக்கு முன்னிருந்த சான்சலர்கள் பாராளுமன்றத்தைத் தவிர்த்து அவ்வுறுப்புரையின்படியே நாட்டை நடத்திவந்தார்கள். 1932 முழுவதிலும் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் ஐந்தே ஐந்து. மக்களுக்கும் அது பழகிப்போயிருந்தது.

மார்ச் 23இல் ஓர் இசைநாடக அரங்கில் பாராளுமன்றம் கூடியது. சீருடை அணிந்த நாசிப் படையினர் சுற்றி நின்றார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரும் அனுமதிக்கப்படவில்லை. பாராளுமன்றத்தின் சட்டமியற்றும் அதிகாரத்தை நான்கு ஆண்டுகளுக்கு அமைச்சரவைக்கு வழங்கும் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தது. கத்தோலிக்க மத்திய கட்சி, வாக்குறுதிகளை நம்பி ஆதரவாக வாக்களித்தது. ஜூலை 5இல் அக்கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொள்ள நேர்ந்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். அவர்களின் தலைவர் ஒட்டோ வெல்ஸ், சிறையோ அதைவிடக் கொடியதோ காத்திருக்கிறது என்று தெரிந்தே எழுந்து எதிர்த்துப் பேசினார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வைமார் அரசியலமைப்பை ஹிட்லர் முறைப்படி இரத்துச் செய்யவேயில்லை. புத்தகம் அலுமாரியில் அப்படியே இருந்தது.

இந்த ஆட்சிகளின் கீழ் மக்கள் பட்ட துன்பம் பெரிய வரலாறு. 1933இல் ஜேர்மனியின் யூதர்கள் மக்கள்தொகையில் ஒரு வீதத்துக்கும் குறைவானவர்கள். போரில் தோற்றதற்கும், விலைவாசிக்கும், வேலையின்மைக்கும் அந்த ஒரு வீதத்தினரே காரணம் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஏப்ரல் முதலாம் திகதி அவர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அதே மாதம் அரச வேலைகளிலிருந்து நீக்கினார்கள். 1935இல் குடியுரிமையைப் பறித்தார்கள். கடைசியில் ஐரோப்பாவெங்கும் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு படியும் முந்தியதைவிடக் கொஞ்சம்தான் உயரம் என்பதால், பக்கத்து வீட்டார் பலர் ஒவ்வொன்றையும் சகித்துக்கொண்டார்கள். இத்தாலியின் பாசிசமும் மென்மையானதன்று. லிபியாவில் 1930இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் முஸ்லிம் மக்களை அவர்களின் மலைநிலத்திலிருந்து விரட்டிப் பாலைவன முகாம்களில் அடைத்தார்கள். பல்லாயிரம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். குர்ஆன் கற்பிக்கும் ஆசிரியராக இருந்து போராட்டத் தலைவரான உமர் முக்தார், எழுபது வயதைக் கடந்த நிலையில் 1931 செப்டெம்பர் 16இல் தூக்கிலிடப்பட்டார். அவரது மக்களே அதைப் பார்க்கும்படி செய்யப்பட்டார்கள்.

மாணவிகள் அறிய வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. 1926இல் இத்தாலியில், உயர்நிலைப் பாடசாலைகளில் இலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் பதவிகளுக்குப் பெண்கள் விண்ணப்பிக்க முடியாது என்று விதிக்கப்பட்டது. ஜேர்மனியில் 1934இல் பல்கலைக்கழகம் புகும் புதிய மாணவர்களில் பெண்கள் பத்து வீதத்துக்கு மேற்படக்கூடாது என்று வரம்பிட்டார்கள். மனைவி வேலையை விட்டால் மாத்திரமே திருமணக் கடன் என்றார்கள். சிந்திக்கக் கற்றுக்கொடுக்கும் பாடங்களையே தேர்ந்தெடுத்துத் தடுத்தார்கள் என்பது தற்செயல் அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

இவையெல்லாம் தவிர்க்க முடியாதவையா? இல்லை என்பதற்கு இரண்டு நாடுகள் சாட்சி. பின்லாந்தில் லப்புவா இயக்கம் 1930இல் பெரும் பலத்தோடு எழுந்தது. 1932இல் அவ்வியக்கத்தின் ஆயுதக் குழுக்கள் மன்ட்சாலா என்ற ஊரில் கூடி அரசை மிரட்டின. ஜனாதிபதி ஸ்வின்ஹூவுட் கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர். அவ்வியக்கத்தின் ஆதரவோடு தெரிவானவரும்கூட. ஆனால் அவர் வானொலியில் பேசி, வீடு திரும்புங்கள் என்றார். கூட்டம் கலைந்தது, இயக்கம் தடை செய்யப்பட்டது. இத்தாலிய மன்னர் செய்ய மறுத்ததை அவர் செய்தார். பெல்ஜியத்தில் 1937 ஏப்ரலில், லியோன் டெக்ரெல் என்ற பாசிசத் தலைவர் பிரசல்ஸ் இடைத்தேர்தலில் நின்றபோது, கத்தோலிக்கர், லிபரல்கள், சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள் எல்லோரும் தம் சண்டைகளை ஒதுக்கிவைத்துப் பிரதமர் வான் ஸீலன்ட் ஒருவரையே ஆதரித்தார்கள். அவருக்கு 76 வீதம். டெக்ரெலுக்கு 19 வீதம். இந்த இரு நாடுகளிலும் பொருளாதார நெருக்கடி இருந்தது. ஆவேசப் பேச்சாளர்களும் இருந்தார்கள். கதவைத் திறக்கும் கைகள்தான் இல்லை.

அப்படியானால் பாசிசம் மீண்டும் வருமா? கறுப்புச் சட்டையையும் கையை உயர்த்தும் வணக்கத்தையும் எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு, இல்லை என்றே சொல்லலாம். நமக்குப் பிடிக்காத எல்லாத் தலைவர்களையும் ‘பாசிஸ்ட்’ என்று திட்டுவதிலும் பயனில்லை; அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் தேவைப்படும் நாளில் அச்சொல்லுக்குக் கூர்மை இருக்காது. பார்க்க வேண்டியது வேறு. நெருக்கடியின்போது பழி ஒரு சிறு சமூகத்தின்மீது போடப்படுகிறதா? அடிப்பவர்களைக் காவல் துறை கண்டும் காணாமல் விடுகிறதா? அவசரகால ஆணை வழக்கமாகிறதா? மரியாதைக்குரிய பெரியவர்கள், இவர்களை நாம் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்கிறார்களா?

ஜேர்மனியர்கள் இந்தக் கேள்விகளைத் தமது 1949ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். மாற்றுச் சான்சலர் ஒருவரைத் தெரிவுசெய்யாமல் பதவியிலிருப்பவரை வீழ்த்த முடியாது. மனித மாண்பை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்தி நீக்க முடியாது. ஜனநாயகத்தை அழிக்க முயலும் கட்சியை அரசியலமைப்பு நீதிமன்றம் தடை செய்யலாம். 1952இல் நாசிகளின் வழிவந்த ஒரு கட்சி அவ்வாறு தடை செய்யப்பட்டது. 2017இல் இதேபோன்ற இன்னொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. அக்கட்சியின் நோக்கம் அரசியலமைப்புக்கு விரோதமானதே என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். எனினும், அந்நோக்கத்தை நிறைவேற்றும் பலம் அதற்கு இல்லை என்று கூறித் தடை விதிக்க மறுத்தார்கள். 2024இல் அதே நீதிமன்றம் அக்கட்சிக்கான அரச நிதியை ஆறு ஆண்டுகளுக்கு நிறுத்தியது. பலம் இல்லாதபோது தடுப்பது நியாயமா, பலம் வந்தபின் தடுப்பது சாத்தியமா என்று அங்கே இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.