உடற்பயிற்சிக்கும் வேண்டும் வார ஆஃப்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே உடற்பயிற்சியையும் விடாமல் செய்கிறவர்கள் இன்று நிறையப் பேர். ஏ ஷிப்ட் முடிந்த கையோடு ஜிம்முக்குப் போகிறவர்கள், பொன்னேரியிலும் கவரைப்பேட்டையிலும் ரயில் ஏறுவதற்கு முன்பே ஓடி முடித்துவிடுகிறவர்கள், வாடகை அறையின் மொட்டைமாடியில் தண்டால் எடுக்கிறவர்கள். நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன். எங்களுக்குப் பயிற்சி செய்யும் நாள் சிரமமாக இருப்பதில்லை. செய்யாத நாள்தான் மனதை அரிக்கிறது. உழைத்தே பழகிய உடம்புக்குச் சும்மா இருப்பது குற்றம் என்ற நினைப்பு எப்படியோ ஊறிவிட்டது.

அந்த உறுத்தலிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது உடற்பயிற்சிப் புத்தகம் எதுவும் இல்லை, தொழிலாளர் சட்டம்.

2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 52-ஆம் பிரிவு வார விடுமுறையைப் பற்றியது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. அந்த நாளில் வேலைக்கு வரவேண்டியிருந்தால், அதற்கு முந்தைய மூன்று நாட்களிலோ பிந்தைய மூன்று நாட்களிலோ ஒரு நாள் மாற்று விடுமுறை. எப்படி மாற்றினாலும், ஒரு முழு நாள் ஓய்வு இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் யாரும் வேலை செய்யக் கூடாது என்றது அது. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்தார்கள். களைத்துப்போனவனுக்கு மட்டும் விடுமுறை என்று அதில் இல்லை. நன்றாக வேலை செய்தவனுக்குப் பரிசு என்றும் இல்லை. எல்லோருக்கும், முன்கூட்டியே, நாள் குறித்து.

இந்த உரிமை சும்மா வரவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடிய பிறகுதான் 1890-இல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. நம் காலத்திலும், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். முதலாளியிடம் இவ்வளவு உறுதியாகக் கேட்டு வாங்கும் ஓய்வை, நம் உடம்பு கேட்டால் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

அதனால் 52-ஆம் பிரிவை அப்படியே என் பயிற்சிக்கும் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

ஷிப்ட் சார்ட் வந்ததும் ஆஃப் நாளைக் குறியுங்கள். ஓய்வு எடுக்கலாமா வேண்டாமா என்று அன்றன்று காலையில் முடிவு செய்யப் போனால் உறுத்தல் தொடங்கிவிடும். முன்பே குறித்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். நைட் ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டுக்கு மாறும் நாளை நான் ஆஃப் ஆக வைத்துக்கொள்கிறேன். தூக்கம் குலைந்த உடம்பின் மேல் பளுவை ஏற்றுவதால் பயன் குறைவு, காயம் படும் வாய்ப்பு அதிகம். "அண்ணே, இன்னைக்கு ஜிம்முக்கு வரலையா?" என்று தம்பிகள் கேட்டால், "இன்னைக்கு எனக்கு ஆஃப்பா" என்று சொன்னால் போதும். மேற்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றினால் மூன்று நாளுக்குள் ஈடு கட்டுங்கள். நண்பர்கள் ஓடக் கூப்பிட்டார்கள், ஆஃப் நாளில் போய்விட்டீர்கள் என்றால் தவறில்லை. அடுத்த மூன்று நாளுக்குள் ஒரு முழு ஓய்வு எடுத்துவிடுங்கள். பத்து நாள் தொடர்ச்சி என்பது சட்டம் போட்ட கடைசி எல்லை. அதை எட்டிப் பிடிக்கும் சாதனையாக நினைக்க வேண்டாம்.

வேலையையும் கணக்கில் சேருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலு தரும் பயிற்சியும் போதும். ஏழு நாளும் செய்யச் சொல்லி அதில் இல்லை. நடப்பது, வேலை செய்வது, வீட்டு வேலை எல்லாமே உடலுழைப்பில் சேரும். பர்னஸ் பக்கம் எட்டு மணி நேரம் நின்றவரும், லோடு ஏற்றி இறக்கியவரும் பயிற்சியைத் தொடங்கும்போதே பாதி களைத்திருக்கிறார்கள். ஓ.டி. பார்த்த நாளை ஓய்வு நாளாக எழுதாதீர்கள். அது உழைத்த நாள்.

அடிகளை எண்ணும் கைக்கடிகாரத்துக்குப் பயப்படாதீர்கள். தினமும் 10,000 அடி என்ற எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு பரவிய எண் அது. தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று திரை காட்டலாம். உங்கள் உடம்பில் எதுவும் அறுந்துவிடவில்லை. ஓரிரு நாள் ஓய்வில் பலம் குறையாது. மூச்சுத் திறனே கூட வாரக்கணக்கில் விட்டால்தான் குறிப்பிடும்படி இறங்கும்.

உடம்பு எப்போது வளர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பளு தூக்கும்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்து புதுப்புரதம் கட்டும் வேலை அடுத்த ஒன்றிரண்டு நாள் வரை நடக்கிறது. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் வரும் வலி, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போவதும் இதையொட்டித்தான். தொழிற்சாலையில் மெஷினை நிறுத்தினால் யாராவது வந்து ஸ்பேனரைப் பிடித்தாக வேண்டும். உடம்புக்கு அந்தத் தேவை இல்லை. நிறுத்தினாலே போதும், தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்கிறது. ஓய்வு நாளும் பயிற்சியின் ஒரு பகுதி என்று நான் நம்புவது இதனால்தான்.

அடையாளங்களைக் கவனியுங்கள். காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன், நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சில நாளாகத் துடிப்பு கூடியிருந்தால், அதோடு தூக்கம் கெட்டு, பசி குறைந்து, எரிச்சல் கூடினால், குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் ஆஃப் எடுங்கள். கத்திரி வெயிலில் இது இன்னும் முக்கியம். கடும் பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்து அது. நெஞ்சு வலிக்கும் இதே விதி.

ஓய்வு நாளில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். இன்றைக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே என்று தட்டிலிருந்து முட்டையையும் பருப்பையும் எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழுது பார்க்கும் வேலை நடக்கிற நாளில் அதற்கான பொருளை நிறுத்தலாமா? நன்றாகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். மனசு கேட்டால் பிள்ளைகளோடு மெதுவாக ஒரு நடை போகலாம். மறுநாள் இரண்டு மடங்காகச் செய்து தீர்க்க வேண்டாம். ஓய்வு கடன் இல்லை.

இப்படியே விட்டால் சோம்பேறி ஆகிவிடுவோமோ என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வித்தியாசம் சுலபம். ஓய்வுக்குத் திரும்பும் நாள் உண்டு. சோம்பலுக்கு அது இல்லை. செவ்வாய் ஆஃப் என்றால் புதன் பயிற்சி. இதைக் குறித்து வைத்திருப்பவர் யாரிடமும், தன்னிடமே கூட, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த வாரச் சார்ட் கைக்கு வந்ததும் பயிற்சி நாட்களுக்கு முன்னால் ஆஃப் நாளை எழுதுங்கள். நம் முன்னோர் போராடி வாங்கிய வார விடுமுறையை நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.