எந்தக் கழிவு பெரியது?

ஆரணியில் மொத்த வியாபாரம் செய்துவரும் அடியேன் தவறிய ஒரு கணக்கை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களாவது தவறாமல் இருக்கலாம் அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரே சோப்புக்கு மூன்று இடங்களிலிருந்து விலை வந்தது. ஒருவர் எட்டுக்கு ஒன்று இலவசம் என்றார். அடுத்தவர் ரூபாய்க்கு 12 பைசா கழிவு என்றார். மூன்றாமவர் 11 சதவீதம் என்றார். எட்டில் ஒன்று அரைக்கால், அதாவது 12.5 சதவீதம், அதுவே பெரியது என்று எண்ணி முதலாமவரிடம் 900 சோப்பு எடுத்தேன்.

பிசகு எங்கே? எட்டுக்குப் பணம் கொடுத்தால் கைக்கு வருவது ஒன்பது. ஆகவே கழிவு ஒன்பதில் ஒரு பங்குதான். 1-ஐ 9-ஆல் வகுத்தால் 0.111, நூறால் பெருக்கினால் 11.11 சதவீதம். ரூபாய்க்கு 12 பைசா என்பது 0.12, அதாவது 12 சதவீதம். எனவே வரிசை 12, 11.11, 11.

சோப்பு ரூ.40 வீதம் 900-க்குப் பட்டியல் விலை ரூ.36,000. நான் கொடுத்தது ரூ.32,000. இரண்டாமவரிடம் ரூ.31,680-க்கு முடிந்திருக்கும். ரூ.320 வீணாயிற்று.

1957 ஏப்ரல் 1-இல் புதிய பைசா வரும் வரை ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணா என்றால் வீசம், 6.25 சதவீதம். கழிவையும் அணாவிலேயே பேசினால் ஒப்பிடுவது சுலபம். இன்று ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நாம்தான் எல்லாவற்றையும் சதவீதமாக்கிப் பார்க்க வேண்டும்.

தராசிலும் கவனம் தேவை. 1 கிலோ 50 கிராம் என்பது 1.050. கடைப் பையன் அதை 1.5 என்று எழுதினால் 1 கிலோ 500 கிராம் ஆகிவிடும். புள்ளிக்குப் பின் எப்போதும் மூன்று இலக்கம் எழுதப் பழக்குங்கள். 0.5, 0.125 இரண்டில் 125-ஐப் பார்த்து மயங்க வேண்டாம்; 0.500 என்று எழுதினால் எது பெரியது என்று தானே தெரியும்.

இன்னொன்று: இலவசச் சரக்கு விற்றால்தான் லாபம். தேதி கடந்து அலமாரியில் கிடந்தால் அது கழிவே அல்ல.

பயிற்சி: ஐந்துக்கு ஒன்று இலவசம், ரூபாய்க்கு 17 பைசா, 16.5 சதவீதம். இவற்றை வரிசைப்படுத்துங்கள்.

விடை: ரூபாய்க்கு 17 பைசா முதலாவது. ஐந்துக்கு ஒன்று என்பது ஆறில் ஒரு பங்கு, 16.67 சதவீதம்; அது இரண்டாவது. 16.5 கடைசி.