பனி இறங்கும் ஊரில் லாக்கர் அடிப்பது எப்படி?

தச்சு வேலை பழகும் தம்பி, தங்கச்சிமாருக்கு இந்த முறை ஸ்பிரே அடிப்பது பற்றிச் சொல்கிறோம். நாங்கள் பட்ட பாட்டிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு கல்யாணத்துக்கு அலுமாரி செய்தோம். சவுக்குப் பலகை. மூன்று நாள் தேய்த்து, பின்னேரம் மூன்றரை மணிக்கு லாக்கர் அடித்தோம். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி மின்னிச்சு. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து பனி இறங்கி, பட்டறைக் கதவு வழியே உள்ளே வந்தது. அரை மணிக்குள் அலுமாரி முழுக்கப் பால் ஊத்தின மாதிரி வெள்ளை! மறுநாள் லொறியோடு வந்த பொண்ணு வீட்டார், "என்னாங்க, பூஞ்சணம் புடிச்சதையா குடுக்கிறீங்க?" என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

குற்றம் லாக்கரில் இல்லை. ஸ்பிரிட்டைக் கையில் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? தின்னரும் அப்படித்தான். அது காற்றில் பறக்கும்போது பலகையின் மேலுள்ள சூட்டையும் கொண்டுபோய்விடும். குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் வந்து ஒட்டி, காயும் லாக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். வெள்ளை பூப்பது இதனால்தான். சமவெளியில் இருப்பவர்களுக்கும் மழை நாளில் இது வரும். நமக்கோ வருஷத்தில் பாதி நாள் இதே தொல்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே மாதங்களில் பண்டாரவளைப் பக்கம் காற்று வறண்டு இருக்கும். எனவே உங்கள் மலைக்கு எது நல்ல காலம் என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணியிலிருந்து பகல் ஒரு மணிக்குள் அடித்து முடிப்பது நல்லது. அவசரமென்றால் மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரைக் கொஞ்சம் கலக்கலாம்.

வெள்ளை பூத்துவிட்டால் உடனே சுரண்ட வேண்டாம். வெயில் வரும் நாளில் ரிட்டார்டரை மட்டும் பனித்தூறல் போல மெல்ல அடித்துப் பாருங்க, பெரும்பாலும் மறைந்துவிடும். எங்கள் அலுமாரியும் அப்படித்தான் தப்பியது. ஆனால் கல்யாணம் அதற்குள் முடிந்துவிட்டது.

பளபளப்பு அரத்தாளில்தான் இருக்கிறது, கன்னில் இல்லை. 120, 180, 240 என்று வரிசையாக, மர ரேகை ஓடும் பக்கமே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, லாக்கர் பட்டதும் பல்லைக் காட்டும். சீலர் காய்ந்தபின் 320இல் மெதுவாக ஒரு தடவை தேய்த்துத் தூசியைத் துடையுங்கள்.

கன்னைப் பலகையிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராகப் பிடிக்க வேண்டும். கையை விசிறி மாதிரி வளைத்து ஆட்டினால் நடுவில் தடித்து, ஓரம் வெளிறிவிடும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூடட்டும். கிட்டப் பிடித்தால் வழியும். எட்டப் பிடித்தால் மணல் மாதிரி சொரசொரக்கும். தோடம்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக வந்தால் லாக்கர் தடிப்பு, அல்லது காற்று போதாது. தடிப்பாக ஒரு பூச்சு அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு மூன்று நல்லது. கொம்பிரசர் டாங்கியின் அடியில் உள்ள தண்ணீரைத் தினமும் திறந்து விடவும். நம் குளிருக்கு அது சீக்கிரம் சேரும்.

இஸ்தோப்பில் வைத்து ஸ்பிரே அடிக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். பக்கத்துக் காம்பராவில் அடுப்பு எரிகிறது! தின்னர் ஆவி நிலத்தோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். லயத்திலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். மூக்கில் கட்டும் துணி தூசிக்குத்தான் உதவும், ஆவிக்கு உதவாது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். மிச்சத் தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் தண்ணீரென்று குடித்துவிடும்.